ஊசி தைத்ததா, மெஷின் அடித்ததா? லுவாங் பிரபாங் இரவுச் சந்தையில் ஒரு சுற்று!

மாலை ஐந்து மணி நெருங்கினால் லுவாங் பிரபாங் நகரின் சிசவாங்வோங் சாலையில் வண்டிகளுக்கு வேலை இல்லை. லாவோஸ் நாட்டின் வடக்கே, மேகாங் ஆறும் நாம் கான் ஆறும் கூடும் இடத்தில் இருக்கிற சின்ன ஊர் இது. சாலையின் இரண்டு முனைகளையும் அடைத்துவிடுகிறார்கள். கூடாரக் கம்பிகள் இறங்குகின்றன. கொஞ்ச நேரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கூரைகள் முளைக்கின்றன. தரையில் பாய் விரித்து, துணிகளை அடுக்கி, தலைக்கு மேல் ஒரு பல்பைத் தொங்கவிட்டால் கடை தயார்!

ஒரு பக்கம் 1904-ல் கட்டத் தொடங்கிய பழைய அரண்மனை. இப்போது அது மியூசியம். எதிர்ப்பக்கம் ஃபூ சி என்ற குன்று. 328 படிகள் ஏறி சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு இறங்குகிறவர்களின் கால் நேராகச் சந்தைக்குள்தான் வந்து நிற்கும். 1995-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த ஊர் என்பதால், உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால், இந்தச் சந்தையின் உண்மையான நாயகிகள் பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். கூட்டம் குறைகிற நேரத்தில் அவர்களில் சிலர் மடியில் இருக்கும் துணியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த ஊசி இன்னும் எத்தனை வருடங்கள் ஓடும்? இந்தச் சந்தையைச் சுற்றி வருகிறபோது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான்.

ஒரே தெரு... பல மக்கள்!

லாவோஸ் சின்ன நாடு. 2015-ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 65 லட்சம்தான். ஆனால், அரசு அங்கீகரித்த இனக்குழுக்கள் மட்டும் 50. லாவோ இனத்தவர் பாதிக்குச் சற்று அதிகம். அடுத்த இடத்தில் இருக்கும் க்மூ மக்கள் 11 சதவிகிதம். மலை உச்சிகளில் வாழும் மோங் மக்கள் சுமார் 9 சதவிகிதம். இதைத் தவிர தாய் லூ, அக்கா, காட்டு என்று நீண்ட பட்டியல் இருக்கிறது.

இந்த வேறுபாடுகளைப் புத்தகத்தில் படிப்பதைவிட, சந்தையில் கண்ணால் பார்த்துவிடலாம். காட்டுக் கொடியைக் கீறி நார் எடுத்து, வலை போலப் பின்னிய தோள்பை தொங்குகிறதா? அது க்மூ மக்களின் கைவேலை. பருத்தியிலும் பட்டிலும் தறியில் நெய்த துண்டும் சால்வையும் அடுக்கியிருக்கிறதா? தாய் லூ மக்களின் நெசவாக இருக்கலாம். ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பான் பனோம் கிராமம் ஒரு காலத்தில் அரண்மனைக்கே துணி நெய்து கொடுத்த தாய் லூ கிராமம். மல்பெரி வகை மரப்பட்டையைக் கூழாக்கிச் செய்த 'சா' காகிதத்தில் பூ இதழ் பதித்த விளக்குகள் எரிகின்றனவா? அவையும் ஆற்றின் மறுகரைக் கிராமங்களில் செய்யப்படுகிறவைதான்.

ஆனால், நடந்துகொண்டே போனால் மறுபடி மறுபடி கண்ணில் படுவது ஒன்றுதான். கறுப்பிலும் கருநீலத்திலும் விரிந்த துணி. அதன் மேல் சிவப்பு, பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்பு நூலில் கட்டம் கட்டமாக, சுருள் சுருளாகப் பூத்தையல். அது மோங் மக்களுடையது.

துணியே அடையாள அட்டை

மோங் மக்கள் 19-ம் நூற்றாண்டில் தென்சீனாவிலிருந்து மலைவழியாக லாவோஸுக்கு வந்தவர்கள். தங்கள் பூவேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பான்டவ்'. பூத்துணி என்று பொருள். நத்தைக் கூட்டுச் சுருள், யானையின் கால்தடம், மலைத்தொடர் என்று ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஒரு பெண் உடுத்தியிருக்கும் பாவாடையின் நிறத்தையும் மடிப்பையும் வைத்தே, அவர் வெள்ளை மோங்கா, பச்சை மோங்கா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

பச்சை மோங் பாவாடை ஒன்று உருவாகும் கதையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். முதலில் ஹெம்ப் என்ற நார்ச்செடியை விதைக்க வேண்டும். வளர்ந்ததும் அறுத்து, காயவைத்து, தண்டிலிருந்து நாரை உரிக்க வேண்டும். நாரோடு நாரை முறுக்கி இணைத்து நூலாக்க வேண்டும். பிறகு தறி. நெய்து முடித்த துணியில், செம்பு முனை வைத்த பேனாவை உருக்கிய தேன்மெழுகில் தொட்டுக் கோலம் வரைய வேண்டும். அதை அவுரி நீலச் சாயத்தில் பலமுறை முக்கி எடுத்து, கொதிநீரில் போட்டு மெழுகை உருக்கினால், மெழுகு இருந்த இடம் மட்டும் சாயம் பிடிக்காமல் கோலமாக நிற்கும். அதன் பிறகுதான் பூத்தையல். கடைசியாக நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கொசுவங்கள்!

விதை போட்டதிலிருந்து இடுப்பில் கட்டுவது வரை மாதக்கணக்கில் நடக்கும் வேலை இது. அதுவும் வயல் வேலை, சமையல், பிள்ளை வளர்ப்பு எல்லாம் முடிந்து மிச்சமிருக்கும் நேரத்தில். அறுவடை முடிந்து வரும் மோங் புத்தாண்டுக்கு, தைத்த புதுத்துணியை உடுத்தி வருவது இளம்பெண்களுக்குப் பெருமை. வெள்ளிக் காசுகள் கோத்த ஆடை குலுங்க, பையன்களும் பெண்களும் எதிரெதிரே வரிசையாக நின்று பந்து எறிந்து பிடிக்கும் விளையாட்டில்தான் பல கல்யாணப் பேச்சுகள் ஆரம்பிக்கும்.

சந்தையில் கொஞ்சம் பழைய துணிகளை வைத்திருக்கும் கடைகளில், முதுகில் பிள்ளையைக் கட்டிச் சுமக்கும் துணியும் கிடைக்கும். பிறக்கப்போகும் பிள்ளைக்காகத் தாயோ பாட்டியோ தைத்தது. அதில் இருக்கும் கோலங்கள் கெட்ட ஆவிகள் அண்டாமல் பிள்ளையைக் காக்கும் என்பது நம்பிக்கை. ஓர் ஊரில் கறுப்புப் பொட்டு செய்கிற வேலையை, இன்னோர் ஊரில் ஊசியும் நூலும் செய்கின்றன!

போரை எழுதிய நூல்

மோங் மொழிக்கு நெடுங்காலம் பரவலான எழுத்து இல்லை. இன்று அதிகம் பயன்படும் ரோமன் எழுத்துமுறை லாவோஸில் 1950-களின் தொடக்கத்தில்தான் உருவானது. தங்கள் பழைய எழுத்து தொலைந்துபோனபோது, அதைப் பெண்கள் பாவாடைத் தையலுக்குள் ஒளித்துவைத்தார்கள் என்று மோங் மக்களிடையே ஒரு கதை உண்டு. கதை உண்மையோ, இல்லையோ... எழுத வேண்டியதைத் துணியில் எழுதிய காலம் ஒன்று நிஜமாகவே வந்தது.

வியட்நாம் போர் நடந்த காலத்தில் லாவோஸுக்குள் ஒரு ரகசியப் போரும் நடந்தது. அமெரிக்காவின் சி.ஐ.ஏ., மோங் மக்களில் பலரைப் படையாகத் திரட்டியது. எதிர்த்தரப்பில் நின்ற மோங் மக்களும் உண்டு. 1975-ல் கம்யூனிஸ்ட் அரசு வந்ததும், அமெரிக்கா பக்கம் நின்றவர்கள் குடும்பம் குடும்பமாக மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்கு ஓடினார்கள். மூங்கிலைக் கட்டிக்கொண்டு நீந்தியவர்களில் எல்லோரும் கரை சேரவில்லை.

தாய்லாந்தின் பான் வினாய் போன்ற அகதி முகாம்களில், வயலும் இல்லாமல் வேலையும் இல்லாமல் முடங்கிய அந்தக் குடும்பங்கள் ஒரு புதிய கலையைக் கண்டுபிடித்தன. அதுதான் 'கதைத் துணி'. பெரும்பாலும் ஆண்கள் உருவங்களை வரைந்து கொடுப்பார்கள், பெண்கள் தைப்பார்கள். துணியின் மேல்மூலையில் மலைக்கிராமம், கோழி, சோளக்கொல்லை. நடுவில் விமானம், குண்டு, துப்பாக்கியோடு சிப்பாய்கள். கீழே நீல நூலில் ஓடும் ஆறு, அதில் தத்தளிக்கும் மனிதர்கள். மறுகரையில் முகாம்.

லுவாங் பிரபாங் சந்தையிலும் கதைத் துணிகள் உண்டு. இங்கே பெரும்பாலும் அறுவடை, திருவிழா, காட்டு விலங்குகள் போன்ற காட்சிகள். படுக்கை விரிப்பு அளவில் பெரியதும் கிடைக்கும். மேஜைத் துணி அளவில் சிறியதும் கிடைக்கும். வாங்கும் பலருக்கு அது அழகான சுவர் அலங்காரம். அந்த வடிவம் பிறந்தது ஓர் அகதி முகாமில் என்பது தெரிந்தால், பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

குண்டு உருகி ஸ்பூன் ஆனது

சில பாய்களில் பளபளவென்று அலுமினிய ஸ்பூன்கள், சாவிக் கொத்துகள், வளையல்கள் அடுக்கியிருக்கும். பக்கத்தில், 'வெடிகுண்டிலிருந்து செய்தது' என்று எழுதிய அட்டை.

வியாபாரத் தந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ் மீது 5,80,000 முறை பறந்து, 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகளை வீசின. சராசரியாக எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை. இரவு பகலாக, ஒன்பது வருடங்கள்! கொத்துக் குண்டுகளுக்குள் இருந்த சிறு குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. அவற்றில் 8 கோடி வரை வெடிக்காமல் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டன. லாவோஸ் மக்கள் அதை 'பாம்பி' என்கிறார்கள். டென்னிஸ் பந்து அளவில்தான் இருக்கும். விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக் குழந்தைகள் எடுத்துவிடுவதுதான் கொடுமை. போர் முடிந்த பிறகும் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் இவற்றால் இறந்திருக்கிறார்கள் அல்லது காயமடைந்திருக்கிறார்கள். 2016 செப்டம்பரில் லாவோஸுக்கு வந்த அமெரிக்க அதிபர் ஒபாமா, குண்டுகளை அகற்றும் பணிக்காக மூன்று ஆண்டுகளில் 9 கோடி டாலர் தருவதாக அறிவித்தார்.

சியெங் குவாங் மாகாணத்தின் பான் நாபியா கிராமத்து மக்கள் 1970-களிலிருந்தே, போர் விட்டுச்சென்ற அலுமினியத்தை மண் உலையில் உருக்கி, அச்சில் ஊற்றி ஸ்பூன் செய்கிறார்கள். முதலில் நூடுல்ஸ் கடைகளுக்காகச் செய்தார்கள். சுற்றுலா வந்த பிறகு நினைவுப் பொருளாகிவிட்டது. ஆனால், ஒரு எச்சரிக்கை! குண்டின் ஓடு, தோட்டா என்று அசல் போர்த்துண்டுகளை யாராவது நீட்டினால் வாங்கவே கூடாது. அதற்கு விலை கிடைக்கிறது என்றால், அதைத் தேடி மண்ணைத் தோண்ட இன்னொருவர் போவார்.

போலி வந்த வழி

இப்போது அந்த ஊசிக்கு வருவோம். சந்தைப் பாய்களில் இருக்கும் எல்லாமே கைவேலை இல்லை. யானைப்படம் போட்ட தொளதொள பேன்ட், டி-ஷர்ட் எல்லாம் பேங்காக்கிலும் கிடைக்கிற சரக்குதான். அதுகூடப் பரவாயில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும். சிக்கலானது இன்னொன்று. மோங் கோலங்களை அப்படியே துணியில் பிரின்ட் அடித்தும், கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷினில் தைத்தும் பக்கத்து நாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து குவியல் குவியலாக வரும் பைகளும் பர்ஸுகளும். இவை கைத்தையலுக்குப் பக்கத்திலேயே, அதே பாயில் கிடக்கின்றன.

விற்கிற பெண்களைக் குறை சொல்ல முடியுமா? மூன்று நாள் தைத்த பர்ஸையும் மெஷினில் வந்த பர்ஸையும் எடுத்துப் பார்க்கிற பயணி, 'இரண்டும் ஒன்றுபோலத்தானே இருக்கு' என்று விலை குறைந்ததை எடுத்துப் போகிறார். அடுத்த வாரம் பாயில் எது அதிகம் இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அவர்கள் வீட்டிலும் இதே கணக்குதான். மோங் பெண்கள் பலரே இப்போது புத்தாண்டுக்கு, சீனாவிலிருந்து வரும் பிரின்ட் அடித்த பாலியஸ்டர் பாவாடையை வாங்கி உடுத்துகிறார்கள். விலை குறைவு, கனம் இல்லை, துவைக்கச் சுலபம். மாதக்கணக்கில் ஹெம்ப் நாரை முறுக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆனால், தைக்க விரும்புகிறவருக்கும் தைத்தால் கூலி கிடைக்காது என்ற நிலை வருகிறதே, அதுதான் பிரச்னை. கொரோனாவில் நாட்டின் கதவு மூடியபோது சந்தையும் படுத்துவிட்டது. 2021 டிசம்பரில் சீனாவின் குன்மிங்கையும் தலைநகர் வியன்டியானையும் இணைக்கும் 1,035 கிலோமீட்டர் ரயில்பாதை திறந்தது. 2022 மே மாதம் வெளிநாட்டவருக்கு எல்லை முழுதாகத் திறந்தது. வியன்டியானிலிருந்து லுவாங் பிரபாங் இப்போது இரண்டே மணி நேரம். கூட்டம் திரும்பிவிட்டது. அதே காலத்தில் லாவோஸ் பணமான கிப்பின் மதிப்பு பாதியாகச் சரிந்தது. 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 10,000 கிப்புக்கும் குறைவு. 2023 கடைசியில் 20,000-ஐத் தாண்டிவிட்டது. வெளியிலிருந்து வரும் நூல், சாயம் எல்லாவற்றின் விலையும் ஏறியது. கைத்தையலுக்கு அதே பழைய விலையைக் கேட்டால் எப்படிக் கட்டுப்படியாகும்?

கோலத்தை நகலெடுப்பது சந்தைத் தெருவோடு நிற்கவில்லை. லாவோஸின் வடகோடியில் ஃபோங்சாலி மாகாணத்தில் ஓமா என்ற சின்னஞ்சிறு இனக்குழு இருக்கிறது. லாவோஸில் அவர்கள் சுமார் 2,000 பேர்தான். சிவப்பு நூலில் அவர்கள் கையால் தைக்கும் கோலங்களை இத்தாலியின் மேக்ஸ் மாரா நிறுவனம் அனுமதியின்றித் தன் ஆடைகளில் பிரின்ட் அடித்து விற்கிறது என்று, 2019-ல் லுவாங் பிரபாங்கில் இருக்கும் 'பாரம்பரியக் கலை மற்றும் இனவியல் மையம்' குற்றம்சாட்டியது. சோஷியல் மீடியாவில் பெரிய விவாதமே நடந்தது. அதன் பிறகு ஓமா மக்களின் கோலங்களை அவர்களின் பெயரிலேயே ஆவணப்படுத்தும் வேலையை அந்த மையம் கையில் எடுத்தது.

சந்தைக்குப் போவதற்கு முன்பு, குன்றின் சரிவில் இருக்கும் இந்த மையத்தை ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது. எந்தக் கோலம் யாருடையது என்று தெரிந்துகொண்டால், இரவில் பார்க்கும் சந்தையே வேறு.

கைத்தையலைக் கண்டுபிடிப்பது எப்படி?

நிபுணராக இருக்கத் தேவையில்லை. கண்ணும் விரலும் போதும்.

முதலில் துணியைப் புரட்டிப் பின்பக்கம் பாருங்கள். கையால் தைத்ததில் முடிச்சும், நூல் தாவிய தடமும் இருக்கும். மெஷினில் அடித்ததில் பின்பக்கமும் ஒரே சீராக, பெரும்பாலும் வெள்ளை நூலோ, ஒட்டுத்துணியோ தெரியும். பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தால், அது பிரின்ட்.

அடுத்து, ஒரே கோலம் திரும்பி வரும் இடங்களை ஒப்பிடுங்கள். இரண்டு நத்தைச் சுருள்கள் மயிரிழைகூட மாறாமல் இருந்தால் மெஷின். ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தால், அங்கே ஒரு விரல் வேலை பார்த்திருக்கிறது.

துணித்துண்டை வெட்டி மடித்துத் தைத்த வேலை என்றால் ஓரங்களைப் பாருங்கள். ஓரம் உள்ளே மடிந்து, கண்ணுக்கே தெரியாத தையலில் நிற்க வேண்டும். மெழுகுக் கோலத் துணியில், சாயம் இரண்டு பக்கமும் ஊறியிருக்கும். ஹெம்ப் துணி கைக்குச் சற்று முரடாக இருக்கும். இயற்கை அவுரி நீலம் விரலில் லேசாக ஒட்டினால் பயப்பட வேண்டாம். முதல் சில துவையலில் தனியாக அலசினால் போதும்.

கடைசியாக ஒரு கேள்வி: 'இதைத் தைத்தது யார்?' மொழி தெரியாவிட்டாலும் கை ஜாடை போதும். தானே தைத்தவர் துணியை விரித்து, தைத்த இடத்தைக் காட்டுவார். அம்மாவோ அக்காவோ தைத்தது என்றால் அதையும் சொல்வார்.

பேரம் பேசலாமா?

தாராளமாகப் பேசலாம். கால்குலேட்டரில் விலையை அடித்துக் காட்டுவதும், வாங்குபவர் அதை வாங்கித் தன் விலையை அடிப்பதும் இந்தச் சந்தையின் வாடிக்கையே. ஆனால், சத்தம் போட்டு மல்லுக்கட்டும் பழக்கம் இங்கே இல்லை. 'சபாய்தீ' என்று வணக்கம் சொல்லி, சிரித்துக்கொண்டே பேசினால் வேலை நடக்கும். முடிந்ததும் 'கோப் சாய்' என்று நன்றி.

ஒரு சின்னக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு பர்ஸின் பூவேலைக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொள்வோம். கேட்கிற விலையை மூன்றால் வகுத்துப் பாருங்கள். அந்த ஒருநாள் கூலிக்கு நம் வீட்டில் யாராவது ஊசி பிடிப்பார்களா? மெஷின் பர்ஸுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக் கேட்கலாம். கைத்தையலுக்கு மட்டும், இந்தக் கணக்குக்குக் கீழே போகாமல் நிறுத்திக்கொள்வது நியாயம். போட்டோ எடுப்பதற்கு முன்பு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பசித்தால்..?

சந்தையை ஒட்டிய உணவுக் கடைகள் பக்கம் போனால் புகையும் வாசனையும் இழுக்கும். மூங்கில் குச்சியில் செருகிச் சுட்ட ஆற்றுமீன், எலுமிச்சைப் புல் மணக்கும் பன்றி இறைச்சி சாசேஜ், உரலில் இடித்த காரசாரமான பப்பாளிக்காய் சாலட். ஆற்றுப் பாசியை எள் தூவிக் காயவைத்துப் பொரித்த 'கைபேன்' இந்த ஊரின் ஸ்பெஷல். நம் வடாம்போல மொறுமொறுவென்று இருக்கும். கூடவே மூங்கில் கூடையில், ஆவியில் வெந்த ஒட்டரிசிச் சாதம். கையால் உருட்டித் தொட்டுச் சாப்பிட வேண்டும். சைவர்களுக்குக் காய்கறி வகைகள் கிடைக்கும் என்றாலும், மீன் சாஸ் பல உணவுகளில் சேரும். கேட்டு வாங்குவது முக்கியம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பேங்காக் அல்லது ஹனோய் வழியாக விமானம் மாறலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை இல்லாத, இதமான காலம். மோங் புத்தாண்டும் அந்தச் சமயத்தில்தான் வரும்.

போகிற எல்லோரும் ஏதாவது ஒன்றை வாங்கத்தான் செய்வார்கள். பத்து சாவிக் கொத்துகளுக்குப் பதில், ஒரே ஒரு கைத்தையல் துணி. அது போதும். அந்தப் பாயில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமி, இந்த ஊசிக்கும் நல்ல விலை இருக்கிறது என்பதை அப்போதுதான் தெரிந்துகொள்வாள்.